பக்கத்து பெட்ல ஒரு ஆள்: வால்வு ஆபரேஷன் கேள்வி பதில்

போன இதழ்ல என் ஆபரேஷன் பத்தி ரெண்டே ரெண்டு வரி தான் எழுதினேன், அதுக்கு வந்து குவிஞ்ச கடுதாசியையும் மெயிலையும் பார்த்தா இந்தத் தடவை வேற எந்த விஷயத்துக்கும் இடம் இல்ல. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. 11 வருஷம் முன்னாடி இதயத்துல மைட்ரல்ங்கற வால்வை எடுத்துட்டு மெட்டல் வால்வு வெச்சுக்கிட்ட ஒரு பேஷன்ட். 9 வருஷமா வாரத்துல ஒரு நாள் வார்டுக்குப் போய், புதுசா ஆபரேஷன் ஆனவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன். அந்தத் தகுதியை வெச்சுத் தான் இந்த பதிலெல்லாம்.

கேள்வி: அக்கா, ஆஸ்பத்திரி பெட்ல இருந்தே டைப் பண்றேன். எனக்கு 34 வயசு. அயோர்ட்டிக் வால்வு மாத்தி இன்னிக்கு 4-வது நாள். எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா காலையில சிஸ்டர் "தலை சீவி விடவா"ன்னு கேட்டதுக்கு ஓன்னு அழுதுட்டேன், ஏன்னே தெரியல. எதிர் பெட்ல இருக்கறவங்க 3-வது நாளே காரிடார்ல ரெண்டு ரவுண்டு போனாங்க. எனக்கு பாத்ரூம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது. நான் மட்டும் ஏன் இப்படி?

நீ மட்டும் இல்லடா. 3-வது நாள்ல இருந்து 5-வது நாளுக்குள்ள இந்த அழுகை வராதவங்களைத் தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன். உன் உடம்புல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் யோசி, நெஞ்சு எலும்பை நடுவுல அறுத்து விரிச்சு, இதயத்தையே நிறுத்தி வெச்சு, அது செய்ற வேலையை ஒரு மெஷின் செஞ்சு, வால்வைத் தெச்சு, திரும்பவும் துடிக்க வெச்சு, எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. அதுக்கு மேல மயக்க மருந்து, வலி மருந்து, நாலு நாளா சரியான தூக்கம் இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி பல்லைக் கடிச்சு அடக்கி வெச்ச பயம், இப்போ ஆபத்து தாண்டிருச்சுன்னு தெரிஞ்சதும் தான் வெளிய வரும், அதுக்கு சீப்பு ஒரு சாக்கு. எனக்கு டீ டம்ளர்.

என் பக்கத்து பெட்ல ஒரு அம்மா இருந்தாங்க, என்னை விட ரெண்டு நாள் முன்னாடி ஆபரேஷன் ஆனவங்க. டீ ஆறிப் போச்சுன்னு நான் அழுதப்போ அவங்க சமாதானம்லாம் சொல்லல. "நேத்து நான் அழுதப்போ நீ தூங்கிட்டு இருந்த, தப்பிச்ச"ன்னாங்க. அவ்வளவு தான், அழுதுக்கிட்டே சிரிச்சு, சிரிச்சதுல நெஞ்சு வலிச்சு, "தலகாணியைக் கட்டிப் புடி, கட்டிப் புடி"ன்னு அவங்க கத்த... அன்னிக்குத் தான் எனக்குத் தெரிஞ்சது இருமினாலும் தும்மினாலும் சிரிச்சாலும் தலகாணியை நெஞ்சோட அழுத்திப் புடிச்சா வலி பாதியாகும்னு. பிசியோ ஏற்கனவே சொல்லிக் குடுத்தாரு தான், அப்போ காதுல ஏறல.

அந்த அம்மா எனக்கு ரெண்டு நாள் முன்னாடி போய் வழி பார்த்துட்டு வந்து சொல்ற ஆள் மாதிரி இருந்தாங்க. நெஞ்சுக்குள்ள தேங்கற ரத்தத்தையும் நீரையும் வெளியேத்தற ட்ரெயின் டியூபை எடுக்கும்போது "லேசா அசௌகரியமா இருக்கும்"னு டாக்டர் சொன்னாரு. அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னா, "மூச்சை அடக்கச் சொல்லுவாங்க, உள்ளுக்குள்ள பாம்பு நெளியற மாதிரி ஒரு இழுப்பு, அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சிரும், அப்புறம் நீயே ஃப்ரீயா மூச்சு விடுவ பாரு". அச்சு அசலா அப்படியே இருந்துச்சு. நெஞ்சை அறுத்துட்டு முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல ஏன் இப்படி வலிக்குதுன்னு கேட்டா, "விலாவை விரிச்சா பின்னாடி தானே கீல் இருக்கு"ன்னாங்க. சாப்பாடு எதுவும் ருசிக்காது, குரல் கரகரன்னு இருக்கும், ராத்திரி வேர்த்து ஊத்தும், ஒரு பக்கம் படிச்சா முதல் வரி மறந்து போகும், இதெல்லாம் அவங்களுக்கும் இருந்துச்சாம். அதைக் கேட்டதும் பாதி பயம் போயிருச்சு.

ஆனா ஒண்ணு கேளு, இதைத் தான் முக்கியமா சொல்ல வந்தேன். 3-வது நாள் நடு ராத்திரி என் இதயம் தறிகெட்டு அடிக்க ஆரம்பிச்சுச்சு, உள்ள யாரோ தாளம் தப்பி மேளம் வாசிக்கற மாதிரி, மானிட்டர் வேற கத்துது. அந்த அம்மா "எனக்கும் முந்தா நாள் இதே தான், மருந்து போட்டாங்க சரியாப் போச்சு, பயப்படாதே"ன்னு சொல்லிக்கிட்டே என் பெட்டுக்கு எட்டி வந்து காலிங் பெல்லை அமுக்கிட்டாங்க. வாய் "பயப்படாதே"ன்னுது, கை பெல்லை அமுக்குது. பக்கத்து பெட்காரங்கன்னா அப்படித் தான் இருக்கணும். வால்வு ஆபரேஷன் ஆனவங்கள்ல 10 பேர்ல 3, 4 பேருக்கு முதல் சில நாள்ல இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும், ரெண்டாவது மூணாவது நாள் தான் அதுக்குப் பிடிச்ச நாள். முக்கால்வாசி பேருக்கு மருந்துலயே அடங்கிரும். சகஜம் தான், அதுக்காகச் சொல்லாம விடற விஷயம் இல்ல.

எதிர் பெட் ரவுண்டு விஷயம். அவங்க வால்வு எவ்வளவு நாள் கெட்டுப் போய்க் கிடந்துச்சு, ஆபரேஷன் எத்தனை மணி நேரம், நுரையீரல் எப்படி, ரத்தம் எவ்வளவு குறைஞ்சிருக்கு, எதுவும் உனக்குத் தெரியாது. நேத்து நீ நடந்ததை விட இன்னிக்கு பத்து அடி அதிகமா, அதோட கணக்கை முடிச்சுக்க. அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு, "உங்களுக்கு எந்த நாள் ரொம்ப மோசமா இருந்துச்சு?"ன்னு. பதில் வரும் பாரு. அழுகையும் தன்னால குறையும், ஆனா ரெண்டு வாரம் தாண்டியும் நாள் பூரா மனசு இருண்டே கிடந்தா, எதுலயும் பிடிப்பு இல்லாம போனா, டாக்டர்கிட்ட வாய் விட்டுச் சொல்லணும். அதுக்கும் வைத்தியம் இருக்கு, சொல்லாம விட்டா உடம்பு தேறுறதும் தள்ளிப் போகும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 67 வயசு. வால்வு மாத்தி ஐசியூல இருக்காரு. நேத்து என்னைப் பார்த்து "இவங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கடத்திட்டு வந்துட்டாங்க, போலீஸைக் கூப்பிடு"ன்னு சொல்றாரு. சுவத்துல எறும்பு ஊறுதாம். மூளைக்கு ஏதாவது ஆயிருச்சாம்மா?

அம்மா, முதல்ல உக்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க. இதுக்கு டெலிரியம்னு பேரு, இதய ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு நிறையவே வர்ற குழப்பம். பகலா ராத்திரியான்னு தெரியாத வெளிச்சம், பீப் பீப்னு சத்தம், தூக்கம் இல்ல, மருந்து, மூக்குக் கண்ணாடி வேற கழட்டி வெச்சிருப்பாங்க. பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிரும். எனக்கு ஐசியூ சீலிங்ல ரயில் ஓடுச்சு, அதுல ஏற டிக்கெட் கேட்டு சிஸ்டரை உண்டு இல்லன்னு பண்ணிட்டேன். இதை நான் வெளிய சொல்லவே ஒரு வருஷம் ஆச்சு.

நீங்க அவர்கிட்ட வாதம் பண்ணாதீங்க, "எறும்பே இல்ல"ன்னு நிரூபிக்கப் பார்க்காதீங்க. "நான் வந்துட்டேன், நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, இன்னிக்கு வியாழக்கிழமை"ன்னு நிதானமா சொல்லுங்க, எத்தனை தடவை வேணாலும். கண்ணாடி, காது மெஷின் இருந்தா கேட்டு மாட்டி விடுங்க, கண்ணுல படற இடத்துல ஒரு கடிகாரம் வைக்க முடியுமான்னு கேளுங்க. ஐசியூல எல்லாம் பார்த்துட்டுத் தானே இருக்காங்கன்னு நினைக்காம, அவர் பேசினதை சிஸ்டர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க. வாய் ஒரு பக்கம் கோணிக்கிட்டுப் போறது, ஒரு கை தூக்க முடியாம விழறது, பேச்சு குழற்றது இதுல எது தெரிஞ்சாலும் அது வேற விஷயம், அந்த நிமிஷமே ஆளைக் கூப்பிடணும்.

தெளிஞ்சதுக்கு அப்புறம் இன்னொண்ணு வரும், வெட்கம். சிஸ்டரைத் திட்டினது அரைகுறையா ஞாபகம் வந்து மனுஷன் யார் முகத்தையும் பார்க்க மாட்டாரு. அப்போ ஏற்கனவே இதே மாதிரி உளறித் தெளிஞ்ச ஒருத்தர் வார்டுல இருந்தா ரெண்டு பேரையும் பேச விடுங்க. என் ரயில் கதையை வேணாலும் சொல்லுங்க.

கேள்வி: மூணு பந்து இருக்கற ஒரு பிளாஸ்டிக் சாமானைக் குடுத்து உறிஞ்சு உறிஞ்சுன்னு உயிரை வாங்கறாங்க. இது நிஜமாவே தேவையா இல்ல சும்மா சடங்கா? வலிக்குது அக்கா.

தம்பி, நான் அந்தச் சாமானை தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சு, பிசியோ வரும்போது மட்டும் எடுத்து "இப்போ தான் பண்ணேன்"னு பொய் சொன்னவ. விளைவு, காய்ச்சல், மூச்சிரைப்பு, நுரையீரல் அடிப்பக்கம் சுருங்கிப் போச்சுன்னு எக்ஸ்ரேல தெரிஞ்சு, கூடுதலா 3 நாள் ஆஸ்பத்திரி வாசம். வலிக்குதேன்னு நாம மேலோட்டமா மூச்சு விடுவோம், அப்போ கீழ இருக்கற காத்துப் பைங்க ஒட்டிக்கும், சளி தேங்கும், கிருமிக்கு வீடு ரெடி. முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு 10 தடவைன்னு தான் பொதுவா சொல்லுவாங்க. ஊதக் கூடாது, மெதுவா உள்ள இழுத்துப் பந்தை மேல நிறுத்தணும், நிறைய பேர் ஊதிட்டு பந்து ஏறலன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்க.

வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழிச்சுப் பண்ணு. மாத்திரை வேணாம்னு தாங்கிக்கறது வீரம்னு யாரோ நம்மகிட்ட சொல்லி வெச்சிருக்காங்க, இங்க அது செல்லாது, வலி இருந்தா மூச்சும் விட மாட்ட, நடக்கவும் மாட்ட. பக்கத்து பெட்காரரையும் சேர்த்துக்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுங்க, யார் பந்து ரொம்ப நேரம் நிக்குதுன்னு பாருங்க. வார்டுல நான் பார்த்த வரைக்கும் பெரிய மனுஷங்க எல்லாம் சின்னப் பசங்களாகறது இந்த ஒரு பந்தயத்துல தான்.

கேள்வி: எனக்கு மைட்ரல்ல மெட்டல் வால்வு. ஐஎன்ஆர், அதாவது ரத்தம் எவ்வளவு மெதுவா உறையுதுன்னு காட்ற டெஸ்ட் அளவு, 2.5ல இருந்து 3.5க்குள்ள இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பக்கத்து பெட்காரருக்கும் மெட்டல் வால்வு தான், அவருக்கு 2ல இருந்து 3ன்னு சொன்னாங்களாம். "உனக்கு ஓவர் டோஸ் குடுக்கறாங்க, பாதி மாத்திரையைக் குறைச்சிரு"ங்கறாரு. இன்னொருத்தருக்கு 3 மாசத்துல மாத்திரையையே நிறுத்திடுவாங்களாம். எது சரி?

மூணு பேருக்கு சொன்னதும் சரி, குறைச்சிருன்னு சொன்னது மட்டும் மகா தப்பு. அவர்கிட்ட நல்லா பழகுங்க, நடைக்குத் துணையா கூட்டிட்டுப் போங்க, மாத்திரை விஷயத்துல மட்டும் காதைப் பொத்திக்கங்க.

அவருக்கு அனேகமா அயோர்ட்டிக் வால்வா இருக்கும். அந்த இடத்துல ரத்தம் சீறிக்கிட்டுப் போகும், மைட்ரல் பக்கம் ஓட்டம் நிதானம், உறையறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, அதனால தான் உங்களுக்கு அளவு கொஞ்சம் மேல வெச்சிருக்காங்க. 3 மாசத்துல நிறுத்தறவருக்கு டிஷ்யூ வால்வு, அதாவது மாடு இல்லனா பன்னியோட திசுவுல செஞ்சது. அதுக்கு ஆயுசு பூரா வார்ஃபரின், அதாவது ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற இந்த மாத்திரை, வேண்டியதில்ல, வேற காரணம் இருந்தா ஒழிய. பதிலுக்கு அது 10, 15 வருஷத்துல தேய்ஞ்சு போகலாம், நம்ம மெட்டல் தேயாது, ஆனா மாத்திரையை விட முடியாது. யாருக்கும் எல்லாமே லாபமா அமையல.

மில்லிகிராம் கணக்கையும் ஒப்பிடாதீங்க. அதே ஐஎன்ஆர் வர ஒருத்தருக்கு 2 மில்லிகிராம் போதும், இன்னொருத்தருக்கு 8 வேணும், உடம்பு வாகு, மரபணு, சாப்பிடற வேற மருந்து எல்லாம் அதுல இருக்கு. கீரையை அடியோட நிறுத்தணும்னும் யாராவது கிளப்பி விடுவாங்க, நிறுத்த வேணாம், வாரா வாரம் ஒரே மாதிரி அளவுல இருந்தா போதும். கடையில கேட்டு வாங்கற வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், மூலிகை எதுவா இருந்தாலும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேக்கணும். டெஸ்ட்டே தேவைப்படாத புது ரத்த மாத்திரை இருக்கேன்னு அடுத்து கேப்பீங்க, அது மெட்டல் வால்வுக்கு ஆகாது.

இன்னொண்ணு, இந்த மாத்திரை எலி பாஷாணமாமேன்னு யாராவது வந்து பயமுறுத்துவாங்க, என்னையும் பயமுறுத்தினாங்க. உண்மை தான், 1948ல எலி மருந்தா தான் சந்தைக்கு வந்துச்சு, 1954ல மனுஷங்களுக்கு அனுமதி கிடைச்சுது, அடுத்த வருஷமே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் குடுத்தாங்க. அளவுல தான் எல்லாம் இருக்கு, அதனால தான் அந்த ரத்த டெஸ்ட்டை விடக் கூடாதுங்கறது.

கேள்வி: ராத்திரி எல்லாம் அடங்கினதும் என் நெஞ்சுல இருந்து டிக் டிக்குன்னு சத்தம் கேக்குது. பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு.

மெட்டல் வால்வு மூடற சத்தம். வேலை செய்யுதுன்னு அர்த்தம். சின்னதா ஃபேன் சத்தமோ பாட்டோ ஓட விட்டு, ஒருக்களிச்சுப் படுக்க டாக்டர் அனுமதிச்சதும் பக்கம் மாத்திப் பாருங்க. சில மாசத்துல காது அதைக் கண்டுக்காம விட்டுரும். எனக்கு இப்போ ஊர் அடங்கினா தான் கேக்கும், கேட்டா "சரி, இருக்கேன்"னு திரும்பிப் படுத்துக்குவேன். சத்தம் திடீர்னு மங்கினாலோ மாறினாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க.

கேள்வி: வார்டுல எல்லாரும் வந்து அவங்க கதையைச் சொல்றாங்க. எனக்கு யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. பேசினா தான் குணமாகுமா?

இல்ல. ஸ்க்ரீனை இழுத்து விட்டுட்டு தூங்குங்க.

கேள்வி: நாளைக்கு டிஸ்சார்ஜ். எல்லாரும் சந்தோஷப்படறாங்க, எனக்கு மட்டும் வயித்தைக் கலக்குது. மானிட்டர் இல்லாம ராத்திரி ஏதாவது ஆனா?

இதயத் துடிப்பைச் சீரா வெக்க மாட்டியிருந்த பேஸிங் வயரை உருவி, கழுத்துல இருந்த ஊசியை எடுத்து, கடைசியா மானிட்டரையும் ஆஃப் பண்ணும்போது எனக்கும் யாரோ கையை விட்ட மாதிரி தான் இருந்துச்சு. ஒண்ணு யோசிங்க, மானிட்டர் தேவைப்படற நிலைமைல உங்களை அனுப்ப மாட்டாங்க. அதுக்குப் பதிலா வீட்டுல நீங்க பார்த்துக்க ஒரு தராசும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு நோட்டும் போதும். காலையில எழுந்ததும் பாத்ரூம் போயிட்டு வந்து வெயிட் பாருங்க, ஒரே நாள்ல 1, 1.5 கிலோ ஏறினாலோ வாரத்துல 2 கிலோவுக்கு மேல போனாலோ அது சாப்பாட்டுச் சதை இல்ல, உடம்புல நீர் சேருது, போன் போடணும். காய்ச்சல், தையல் சிவந்து சீழ் கசியறது, நெஞ்சு எலும்பு கட கடன்னு அசையற உணர்வு, மூச்சு முட்டறது, மயக்கம், நிக்காத ரத்தக் கசிவு இதுக்கெல்லாமும் காத்திருக்கக் கூடாது. எந்த நம்பருக்குக் கூப்பிடணும், ராத்திரின்னா யாரை, இதை டிஸ்சார்ஜ் பேப்பர்லயே எழுதி வாங்கிக்கங்க.

நெஞ்சு எலும்பு ஒண்ணு சேர 6 வாரத்துல இருந்து 12 வாரம் வரைக்கும் ஆகும். அது வரைக்கும் 4, 5 கிலோவுக்கு மேல தூக்கறது, இழுக்கறது, கதவைத் தோளால தள்றது வேணாம், குழந்தை ஓடி வந்தா நீங்க உக்காந்துக்கிட்டு மடியில ஏத்திக்கங்க. கட்டில்ல இருந்து எழும்போது கையை ஊனாம, பக்கவாட்டுல உருண்டு, காலைக் கீழ போட்டு எழுந்திருங்க. வண்டி ஓட்டறதை டாக்டர் சொன்னதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம். பல் டாக்டர்கிட்ட எப்போ போனாலும் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி வால்வு இருக்குன்னு சொல்லணும், சில பல் வேலைக்கு முன்னாடியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், பல் ஈறுல இருந்து ரத்தத்துல கலக்கற கிருமி நேரா போய் வால்வுல உக்காந்துக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி பக்கத்து பெட்காரங்க போன் நம்பரை வாங்கிக்கங்க. முதல் வாரம் ராத்திரி 2 மணிக்கு முழிப்பு தட்டும், வீட்டுல எல்லாரும் தூங்குவாங்க, "முழிச்சிருக்கீங்களா"ன்னு மெசேஜ் போட்டா அந்தப் பக்கமும் முழிச்சுக்கிட்டுத் தான் இருப்பாங்க. நானும் அந்த அம்மாவும் ஒரு மாசம் இப்படித் தான் ஓட்டினோம், பேசினதுல பாதி இன்னிக்கு குளிச்சாச்சா இல்லையாங்கறது தான்.

கேள்வி: எனக்கு 58 வயசு, ஆபரேஷன் ஆகி 5 மாசம். உங்களை மாதிரி நானும் வார்டுக்குப் போய் நாலு பேருக்கு தைரியம் சொல்லணும்னு ஆசை. எப்படி ஆரம்பிக்கறது?

ஐயா, இது நாம கண்டுபிடிச்சது இல்ல. 1951ல பாஸ்டன்ல டுவைட் ஹார்க்கன்கற சர்ஜன்கிட்ட இதய ஆபரேஷன் பண்ணிக்கிட்ட நாலு பேஷன்ட்டுங்க அவரோட சேர்ந்து மெண்டட் ஹார்ட்ஸ்னு ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க. அப்போ வால்வை மாத்தற வேலையே வரல, செயற்கை வால்வை இதயத்துக்குள்ள அதோட இடத்துலயே வெச்சு ஜெயிச்சது 1960ல தான். இதயத்துல கத்தி வெச்சா பொழைப்பாங்களான்னே ஊர் சந்தேகப்பட்ட காலத்துல, பொழைச்சவங்க நேர்ல போய் நின்னா அதை விட என்ன அத்தாட்சி வேணும்?

நீங்களா போய் நிக்காதீங்க, ஆஸ்பத்திரில பேசி, அவங்க சொல்ற ஆளைத் தான் பார்க்கணும். சளி, இருமல் இருந்தா அன்னிக்கு லீவு. கை கழுவிட்டு, "பேசலாமா"ன்னு கேட்டு, சரின்னா நாற்காலியை இழுத்துப் போட்டு அவங்க கண் மட்டத்துக்கு உக்காருங்க. நின்னுக்கிட்டே பேசறவங்க எல்லாரும் பேஷன்ட் கண்ணுக்கு டாக்டர் மாதிரி தான் தெரிவாங்க. 15 நிமிஷம் போதும். முதல் தடவை போனப்போ நான் 40 நிமிஷம் என் கதையையே அளந்தேன், நிமிர்ந்து பார்த்தா அந்தப் பொண்ணு எப்பவோ தூங்கிட்டா.

"ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லாதீங்க, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? "எனக்கு இப்படி இருந்துச்சு"ன்னு சொல்லுங்க, "உங்களுக்கும் இப்படித் தான் இருக்கும்"னு முடிக்காதீங்க. மருந்து பேர் வாயில வரவே கூடாது. கேட்டா ஒழிய தழும்பைக் காட்ட வேணாம், கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க, அப்போ சட்டைப் பட்டன் ரெண்டைக் கழட்டிக் காட்டுங்க. அவங்களோடது செவசெவன்னு இருக்கும்போது உங்களோடது வெளிறிப் போன கோடா இருக்கறதைப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம இருப்பாங்க. நீங்களும் பேசாம இருங்க.

5 மாசம் சீக்கிரம்னு தான் எனக்குத் தோணுது. அந்த வாசனை, அந்த மானிட்டர் சத்தம் உங்களையே தூக்கிப் போடும். செக்கப்புக்குப் போற அன்னிக்கு அந்த வார்டு வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க, கை நடுங்கலனா எனக்கு எழுதுங்க.